டோலியில் போனவர்களும் தூக்கிப் போனவர்களும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் விடியுமுன் மூட்டை தூக்கும் தோழர்களே! சற்றே நிமிர்ந்து தெற்கே பாருங்கள். பழனிமலைத் தொடர், அதன் மேலே கொடைக்கானல். அந்த ஊர் பிறந்த கதை தெரியுமா?

1834-ல் அமெரிக்க மதபோதகர்கள் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். வெயில், காலரா, காய்ச்சல்! சில ஆண்டுகளுக்குள் பலரைப் புதைத்தார்கள். மனைவியரையும் பச்சிளம் குழந்தைகளையும்கூட. சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள்; காய்ச்சல் அங்கும் விடவில்லை. கடைசியில் 1845-ல் பழனிமலைமீது இரண்டு வீடுகள் கட்டினார்கள். அதுதான் கொடைக்கானலின் தொடக்கம். அவர்கள் பட்ட துன்பம் மெய். அதை மறுப்பது மனிதத்தன்மை ஆகாது.

அவர்களுடைய சபைக்குத் துன்பம் புதிதுமல்ல. 1620-ல் 'மேபிளவர்' கப்பலேறிய ஆங்கிலேயரின் வழிவந்த சபை அது. மன்னன் வகுத்த வழிபாடு வேண்டாமென்று ஆலந்துக்கு ஓடி, பிறகு கடல் கடந்தவர்கள். கப்பலில் 102 பேர்; 66 நாள் பயணம். கொட்டும் பனியில் குடியேற்றம். குளிர்காலம் கழிவதற்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிணமானார்கள். முதல் போட்ட லண்டன் வணிகர்களோ, ஏழாண்டு உழைப்பின் பலனெல்லாம் பொதுக் கணக்கில் சேரவேண்டும் என்றார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது சொந்தப் பாட்டைப் பார்க்க விடுங்கள் என்று கேட்டதையும் தள்ளிவிட்டார்கள்! இலங்கைத் தோட்டத்தில் கங்காணியிடம் கடன்பட்ட நம்மவரின் பேரர்களுக்கு இது விளங்காதா?

மிஞ்சியவர்களைப் பிழைக்க வைத்தவன் யார்? திஸ்குவாண்டம் என்ற அந்த மண்ணின் மைந்தன். 1614-ல் ஆங்கிலேயக் கப்பல்காரன் ஒருவன் அவனைக் கடத்திக்கொண்டு போனான், ஸ்பெயினில் விற்பதற்கு. தப்பித் திரும்பி வந்தால் ஊரே இல்லை. கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. அந்த ஊர் நிலத்தில்தான் வந்தவர்கள் குடிசை போட்டார்கள். அவர்களுக்கு மீனை எருவாக இட்டு மக்காச்சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுத்தான் அவன். 1621-ல் அவர்களோடு சமாதானம் செய்துகொண்டவர் மாசசாயிட் என்ற தலைவர். 1676-ல் அவருடைய மகனின் தலையைக் கம்பத்தில் நட்டுவைத்தது அதே குடியேற்றம்!

கொடைக்கானலில் அத்தகைய கொடுமை நடக்கவில்லை. ஆனால் பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்திலிருந்து துரைமாரையும் துரைசானிகளையும் டோலியில் சுமந்து ஏறியது யார்? பெட்டியும் கட்டிலும் பாத்திரமும் எவர் தலையில் ஏறின? மோட்டார் போகும் சாலை வருவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டாயிற்று. அதுவரை அந்த ஊரைத் தோளில் தாங்கியவன் நம் பக்கத்துக் கூலிக்காரன். கூலி கொடுத்தார்கள், மறுக்கவில்லை. முதல் வீடுகளுக்கு 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்று பெயர் உண்டு. நடைபாதைக்குக் கோக்கர் துரையின் பெயர் உண்டு. தூக்கிப் போனவன் பெயரில் ஒரு சந்தாவது உண்டா?

மலையடிவாரத்துத் தோழர்களே! பாட்டன் சுமை தூக்கிய கதையை வீட்டுக் கிழவிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது அதை எழுதிக்கொண்டு வாருங்கள், பெயரோடு.