இலைக் குழலும் உறிஞ்சுகுழலும்



நாம் பிறந்த ஊரில் வேலிதோறும் பூவரசு நின்றது. அதன் இலையைச் சுருட்டி, நுனியை நசுக்கி ஊதினால் ‘பீப்பீ’ என ஒலிக்கும். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்ட மறுநாள் நாமும் வித்துவான்களே! இங்கு பூவரசு இல்லை. ஆயினும் அவ்வொலி பிறக்கும் முறையை ஓர் உறிஞ்சுகுழலிற் காணலாம்.

பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழலின் ஒரு முனையை 2 சென்ரிமீற்றர் அளவுக்குத் தட்டையாக நசுக்குக. அம்முனையின் இரு ஓரங்களையும் கத்தரிக்கோலாற் சரிவாக வெட்டுக. எதிரெதிரே இரு நாக்குகள் அமையும். (சிறியோர் பெற்றோர் துணையுடன் வெட்டுக.) நாக்குகள் வாயினுள் இருக்க, உதடுகளால் மெல்ல அழுத்தி உரமாக ஊதுக. முதலிற் காற்று மட்டுமே வரலாம். மீண்டும் நசுக்கி முயல்க.

மூச்சு விரைந்து செல்கையில் நாக்குகள் ஒட்டுகின்றன. தம் விறைப்பினால் மீண்டும் விரிகின்றன. இது நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நிகழ்வதால் குழலினுள் உள்ள காற்று அதிர்ந்து ஒலி எழுகின்றது. நாணல் வகையொன்றினாற் செய்யப்படும் நாதஸ்வரச் சீவாளியும் இவ்வாறே இயங்குகின்றது. மறுமுனையைச் சிறிது சிறிதாக வெட்டி ஊதிப் பாருங்கள். குழல் குறுகக் குறுக அதிர்வு விரைவாகிச் சுருதி ஏறும்.

பெற்றோர்களே, ‘சீவாளி’ என்று நாம் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் எவருக்கும் விளங்கவில்லை. மறுவாரம் இக்குழலை ஊதிய பின் அச்சொல்லை ஒருவரும் மறக்கவில்லை. ஆகவே ஒரு மாலைப்பொழுது இச்சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுடன் அமர்ந்து நீங்களும் ஊதுங்கள். உங்கள் ஊர் வேலியின் கதையையும் சொல்லுங்கள்.