முன்சக்கரத் தண்டைக் கழற்றுவது எப்படி?

1983-இல் வெளிவந்த மாருதி 800 காரில் எஞ்சின் முன்சக்கரங்களையே சுழற்றியது. இத்தகைய கார்களில் முன்சக்கரங்கள் சுழல வேண்டும். இடமும் வலமும் திரும்ப வேண்டும். மேடுபள்ளங்களில் ஏறி இறங்கவும் வேண்டும். நேரான தண்டு ஒன்றினால் இது முடியுமா? முடியாது. ஆகவே, கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் வைத்துள்ளனர். சக்கரத்தை ஒட்டிய மூட்டில் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள் உள்ளன. சக்கரம் திரும்பியிருக்கும்போதும் அது ஒரே சீரான வேகத்தில் சுழல இவையே உதவுகின்றன.

மூட்டின் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மண் புகுந்து குண்டுகளைத் தேய்க்கும். வண்டி திரும்பும்போது 'டக், டக்' என்று ஓசை எழும். அப்போது தண்டைக் கழற்ற வேண்டியதுதான்.

மெக்கானிக் வேலை செய்வதைக் கவனியுங்கள். கார் தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்துகிறார். ஏன் தெரியுமா? அந்த நட்டு மிக இறுக்கமானது. நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பானரை, நெம்புகோல் போல, முழு பலத்தோடு அழுத்த வேண்டும். தரையின் உராய்வும் பிரேக்கும் சக்கரத்தைச் சுழலாமல் பிடித்துக்கொள்கின்றன. தூக்கி நிறுத்திய காரில் இப்படி அழுத்தினால் கார் சரிந்துவிடலாம்!

பிறகு காரை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துகிறார். சக்கரத்தைக் கழற்றி, கியர் எண்ணெயை வடிக்கிறார். கீழேயுள்ள பந்து மூட்டைப் பிரித்து, சக்கரக் குடத்தை வெளிப்புறம் இழுத்ததும் தண்டின் ஒரு முனை விடுபடுகிறது. மறுமுனையைக் கியர் பெட்டியிலிருந்து கம்பியால் நெம்பி எடுக்கிறார்.

ஒன்றை மறவாதீர்கள்: ஜாக்கி காரைத் தூக்குவதற்கே, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.