ஆடு தொடாத இரண்டு மூலிகைகள்!

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் குளியல் முடிந்த கையோடு கடைத்தெருதான். மங்குஸ்தான், ரம்புட்டானோடு வேர், பட்டை, பொடி என்று நாலு பாக்கெட்டும் பைக்குள் ஏறிவிடும். 'மூலிகைதானே, என்ன கெடுதல் பண்ணிடப் போகுது?' என்பது நம் எண்ணம். கொஞ்சம் பொறுங்கள்!

ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை... இரண்டுமே கசப்பு. ஆடு வாய் வைக்காது என்பதால் வந்த பெயர்கள். ஆடாதோடை நமக்குத் தெரிந்த இருமல் மருந்து. அதிலுள்ள 'வாசிசின்' என்ற பொருளை மாதிரியாக வைத்து உருவானதுதான் இருமல் டானிக்குகளில் சேரும் புரோம்ஹெக்சின். ஆடுதின்னாப்பாளையைப் பூச்சிக்கும் தோல் நோய்க்கும் கொடுப்பார்கள். ஆனால் அதில் இருப்பது 'அரிஸ்டலோக்கிக் அமிலம்'. சிறுநீரகத்தைப் பாழாக்கும், புற்றுநோயும் உண்டாக்கும்.

இதே இனத்துச் சீன மூலிகை ஒன்று, பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கத் தந்த மருந்தில் வேறொரு மூலிகைக்குப் பதிலாகக் கலந்துவிட்டது. விஷயம் 1993-ல் வெளிவந்தது. நூறு பெண்களுக்கு மேல் பாதிப்பு. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் வரை போனது!

எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதலில், இது அந்தச் செடிதானா என்று தாவரவியல் நிபுணர் பார்ப்பார். பிறகு நிழலில் உலர்த்திப் பொடித்து, தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் தனித்தனியே சாரம் எடுப்பார்கள். ஏனென்றால் தண்ணீரில் இறங்குகிற சத்து வேறு, ஆல்கஹாலில் இறங்குவது வேறு. சாரத்தில் டிராகன்டார்ஃப் கரைசலை விட்டு ஆரஞ்சு நிறம் வந்தால் ஆல்கலாய்டு இருக்கலாம். குலுக்கினால் நுரை நிற்கிறதா? சப்போனின், சீயக்காய் நுரைக்கிற அதே சங்கதி. இதெல்லாம் குடும்பப் பெயர் மாதிரி. ஒவ்வொரு பொருளையும் பிரித்து அடையாளம் காட்டுவது குரோமட்டோகிராபி.

அடுத்தது நச்சுச் சோதனை. எலிக்கு ஒரே ஒரு வேளை கொடுத்து 14 நாள் கவனிப்பார்கள். அதோடு விட்டால் போதாது. பிரஸ்ஸல்ஸ் பெண்களின் சிறுநீரகம் கெட்டது மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகுதானே! அதனால் 28 நாள், 90 நாள் என்று தினமும் கொடுத்து ரத்தம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். 'ஒரு தடவை குடிச்சேன், ஒண்ணும் ஆகலை' என்பது அத்தாட்சியே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

* பெயர் தெரியாத வேர், பொடி வாங்காதீர்கள். பாக்கெட் மருந்தில் லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி பாருங்கள்.

* கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்ப்பது நல்லது. கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் அதற்கு உண்டு.

* சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்கள் குடிக்கும் கஷாயத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

* சந்தேகமா? தென்காசிக்காரர்களுக்குப் பாளையங்கோட்டை பக்கம்தான். அங்கே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டதாரி சித்த மருத்துவரைக் கேட்டுவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.