பாதை பேணும் சிறு வண்டிகள்

கொழும்பிலிருந்து வடக்கே வரும் இருப்புப்பாதை றாகமையிற் கிளைத்து, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய ஊர்களைக் கடந்து, 1926 ஆம் ஆண்டிற் புத்தளத்தை அடைந்தது. அப்பாதையிலே, புத்தளத்துக்குச் சற்றுத் தெற்கே, உப்பளங்களுக்கும் கற்பிட்டிக்குத் திரும்பும் சந்திக்கும் அருகில் இருப்பது எமது பாலாவி. அறுவக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டு வருவதற்கும் இருப்புப்பாதையே இடப்பட்டது. ஆதலால், பாலாவியிற் பிறந்த பிள்ளைக்குப் புகையிரதம் புதுமையன்று.

என் சிறு பிராயத்தில் என் உள்ளத்தைக் கவர்ந்தது எஞ்சின் அன்று. பாதை பேணும் தொழிலாளர் தண்டவாளத்தின்மேல் தள்ளிச் சென்ற றொலி வண்டியே. கங்காணியார் முன்னே நடப்பார். பாரை, மண்வெட்டி, முடுக்குச்சாவி முதலியன வண்டியிற் கிடக்கும். அவர்கள் நின்ற இடத்திலே சல்லி இடிக்கும் ஓசை கேட்கும். அவ்வோசையின் பயன் யாது என்பதை அக்காலத்தில் நான் அறிந்திலேன். சில ஆண்டுகளுக்கு முன், வெல்டிங் வேலை செய்து இளைப்பாறிய பெரியவர் ஒருவரும், எம்மூர் மாணவர் சிலரும், நானுமாக என் வீட்டு வளவில் அறுபது அடி நீளமான சிறு பாதையொன்றை இட்டு, அதனைப் பேணுதற்குரிய வண்டிகளையும் செய்தபோதே அதனை உணர்ந்தேன். அவ்வண்டிகளை அமைக்கும் முறையை ஈண்டு எடுத்துரைப்பேன்.

முதலிலே அளவைத் துணிதல் வேண்டும். மேசைமேல் ஓடும் சிறு மாதிரிகள் பலரும் அறிந்தவை. நாம் கூறுவது ஆள் ஏறியிருந்து செல்லத்தக்க பெருமாதிரி. இதற்கு உலகிற் பலரும் கைக்கொள்ளும் பாதை அகலம் 7¼ அங்குலம். மேனாட்டுப் பொதுப்பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலமாதலின், அங்கே மாதிரி ஏறக்குறைய எட்டில் ஒன்றாகின்றது. நமது நாட்டின் அகலப்பாதையோ 5 அடி 6 அங்குலம், அதாவது 66 அங்குலம். அதனை 7¼ ஆல் வகுத்தால் ஒன்பதுக்குச் சற்று மேல் வரும். ஆகவே நம் வண்டிகளை ஒன்பதில் ஒரு பங்காகச் செய்தல் பொருந்தும். மேனாட்டு வரைபடத்தை அப்படியே பின்பற்றினால், நம் வண்டி தன் பாதைக்கு மிஞ்சிய உடம்புடையதாய்த் தோன்றும்.

இவ்விடத்தில் மாணவர் ஒரு கணக்கை ஊன்றி நோக்குக. நீளம் ஒன்பதில் ஒன்றாகும்போது கனவளவு 729 இல் ஒன்றாகும். எனவே பத்துத் தொன் நிறையுள்ள வண்டியின் மாதிரி, அதே பொருள்களாற் செய்யப்படின், ஏறக்குறைய 14 கிலோகிராம் நிறையே உடையதாகும். ஆனால் அதன்மேல் ஏறி அமரும் மாணவன் ஒன்பதில் ஒன்றாகச் சுருங்குவதில்லை. அவன் 45 கிலோ எனின், வண்டியின் நிறையைப் போல மும்மடங்கு சுமை அதன்மேல் ஏறுகின்றது. ஆகவே, தோற்றத்தை அளவுக்கேற்பக் குறைக்கலாமேயன்றி, அச்சையும் சட்டத்தையும் அவ்வாறு குறைத்தல் ஆகாது.

அடித்தளம் எல்லா வண்டிகளுக்கும் ஒன்றே. இரும்புப் பெட்டிக்குழாய்களை வெட்டி, நீண்ட சட்டமாக ஒட்டி, அதன் இருமுனைகளிலும் நான்கு சில்லுப் போகி ஒவ்வொன்று பூட்டுதல் நன்று. வளவுப் பாதை ஒருபோதும் முற்றச் சமமாயிராது. நான்கு கால் மேசையொன்றை மேடுபள்ளமான நிலத்தில் வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்குமன்றோ? சில்லும் அவ்வாறு தூக்கி நின்றால் வண்டி தடம் புரளும். இதனைத் தவிர்த்தற்கு, ஒரு போகி பக்கவாட்டிற் சிறிது சாய்ந்தாடவும், மற்றையது சாயாது திரும்ப மட்டும் இடங்கொடுத்தல் வேண்டும். போகியின் அச்சுகளுக்குச் சுருள்வில் இடுதலும் இன்றியமையாதது. சில்லுகள் அச்சுடன் இறுகப் பூட்டப்பட்டு ஒன்றாய்ச் சுழல்வன. அவற்றின் ஓடுமுகம் வெளிப்புறமாகச் சிறிது சரிவாயிருப்பதனாலேயே வளைவுகளில் அவை தாமாகத் திரும்பிச் செல்கின்றன.

இனி வண்டிகளின் வகைகளை நோக்குவோம்.

முதலாவது சல்லி வண்டி. சிலிப்பர் கட்டைகளின் கீழும் இடையிலும் இடப்படும் சல்லி மூன்று தொழில்களைச் செய்கின்றது: சுமையைப் பரப்பி நிலத்துக்குக் கொடுக்கின்றது, மழைநீரை வடிக்கின்றது, கட்டைகள் நகராது பற்றிக் கொள்கின்றது. பெரிய பாதையில் இரண்டு அங்குல அளவுக் கல் இடப்படுமாயின், நமக்குக் கால் அங்குலக் கல் போதும். வண்டியின் உட்டளம் இருபுறமும் சரிந்திருத்தல் வேண்டும். கல் தானாகக் குவிந்து நிற்கும் சரிவு நாற்பது பாகை அளவினதாதலின், தளத்தை நாற்பத்தைந்து பாகைக்கு மேற் சரித்தாலன்றிக் கல் வழுக்கி இறங்காது. எமது முதல் வண்டியில் முப்பது பாகை வைத்தோம். கல்லைக் கையால் வாரியே இறக்க நேர்ந்தது. கீழே இழுத்துத் திறக்கும் கதவுகளைத் தண்டவாளத்தின்மீது கல் விழாதபடி அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது கருவி வண்டி. இதுவே மிக எளியது. மிகப் பயனுடையதும் இதுவே. பாரை, சல்லி இடிக்கும் கோல், முடுக்குச்சாவி, மாற்றுக் கட்டைகள், இணைப்புத் தகடுகள், நீர்மட்டம், அகலம் பார்க்கும் அளவுகோல் என்பன ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் அமைத்தல் வேண்டும். இடம் வெறிதாயிருந்தால் எக்கருவி பாதையிற் கிடந்து விட்டது என்பது ஒரே பார்வையில் விளங்கும். தண்டவாள இணைப்புகளில் விடப்படும் இடைவெளியை அளக்கும் தகடும் இவ்வண்டியில் இருத்தல் வேண்டும். பத்து மீற்றர் உருக்குத் தண்டவாளம் முப்பது பாகை செல்சியஸ் சூடேறினால் மூன்றரை மில்லிமீற்றர் அளவு நீளும். அலுமினியமோ ஏறக்குறைய அதன் இருமடங்கு நீளும். பாலாவியின் நண்பகல் வெயிலில் இடைவெளியின்றி இட்ட பாதை பாம்பு போல் நெளிவதை எம் கண்ணாற் கண்டோம். உப்புக்காற்றோ ஆணிகளையும் தகடுகளையும் விரைந்து அரித்து விடும். ஆகவே எண்ணெய்க் குப்பியும் கம்பித் தூரிகையும் இங்கு ஆடம்பரமல்ல.

மூன்றாவது பாரந்தூக்கி வண்டி. பார்வைக்கு அழகியது, ஆனால் ஆபத்துடையது. நாற்பது கிலோ நிறையுள்ள வண்டி 7¼ அங்குலப் பாதையில் நிற்கின்றது என்க. அதன் நடுவிலிருந்து பதினெட்டு அங்குலம் பக்கவாட்டில் நீண்ட கைமரம் பத்துக் கிலோ பாரத்தைத் தூக்குகின்றது. வண்டி சாய்வது ஒரு தண்டவாளத்தை ஆதாரமாகக் கொண்டே. வண்டியின் நிறை அவ்வாதாரத்திலிருந்து 3⅝ அங்குலத்திலும், பாரம் 14⅜ அங்குலத்திலும் நிற்கின்றன. பெருக்கிப் பார்த்தால் இருபக்கமும் ஏறக்குறையச் சமமாகும். அதாவது வண்டி கவிழும் தறுவாயில் நிற்கின்றது. தூக்குமுன் இருபக்கமும் ஊன்றுகால்களை இறக்குதல் ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

இவை யாவற்றுக்கும் பொதுவாக வேண்டப்படுவது தடை. இதனைச் சொல்லுதற்கு நான் நாணுகின்றேன். ஆயினும் சொல்லாது விடுதல் முறையன்று. எமது சல்லி வண்டி முதன்முதலாக நிறைக்கப்பட்ட நாளில் அதற்குத் தடைக்கட்டை பூட்டப்படவில்லை. சரிவு மிகச் சிறியதென்று எண்ணி, சில்லின் கீழே கல்லொன்றை வைத்துவிட்டு உணவுக்குச் சென்றோம். கல் நழுவியது. நாற்பது கிலோ சல்லியுடன் உருண்ட வண்டி, பாதை முடிவில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவனின் கணுக்காலிற் சென்று மோதியது. காயம் இரு கிழமைகளில் ஆறியது. அப்பிள்ளையின் தாயார் என்னை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எனக்குப் பெருந்தண்டமாயிற்று. அன்று தொட்டு, கைத்தடையும் இணைப்புச் சங்கிலியும் இல்லாத எவ்வண்டியும் எமது பாதையில் ஏறுவதில்லை. வண்டியின் மற்றெல்லாவற்றுக்கும் முன்னே தடையைச் செய்க என்பதே நான் மாணவர்க்குக் கூறும் முதல் விதி.

அமெரிக்காவில் ஒரேகன் மாநிலத்துச் சிலோக்வின் என்னும் ஊரில் 7½ அங்குல அகலமுள்ள மாதிரிப் பாதை 25 மைல்களுக்கு மேல் இடப்பட்டுள்ளது. அத்துணை நீளத்துக்குப் பேணும் வண்டிகள் விளையாட்டுப் பொருளாயிருத்தல் இயலாது. எமது அறுபது அடிக்கும் அவை விளையாட்டாயிருக்கவில்லை. ஒரு மாரிகாலம் கவனியாது விட்டோம். சல்லி மண்ணில் அமிழ்ந்தது. கட்டைகளுள் நான்கு உளுத்தன. புல் தண்டவாளத்தை மூடியது. நாம் மூன்று மாதத்திற் போட்டதை மழை ஒரு பருவத்தில் அழித்தது.

பெரிய பாதைகளின் கதையும் இதுவே. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 ஒக்ரோபர் 13 ஆம் நாளில். இடைப்பட்ட போர்க்காலத்திற் பேணுவாரின்றி வடக்கே தண்டவாளமும் கட்டைகளும் இல்லாதொழிந்தமையால், அப்பாதையைப் புதிதாகவே இடவேண்டியதாயிற்று. தெற்கிலோ, 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை சிதைத்த கரையோரப் பாதையில், பாதைத் தொழிலாளரின் உழைப்பினால் 2005 பெப்ரவரியிலேயே வண்டிகள் மீண்டும் ஓடின. அவர்களுட் பலரின் பெயரை நாம் அறியோம்.

விழாக் காணும் நம் கல்லூரியின் பழைய மாணவர்காள்! புதிய மண்டபம் எழுப்புதல் நன்றே. அதனோடு, கல்லூரி வளவில் இருநூறு அடிச் சிறு பாதையொன்றும், ஒரு சிறு பட்டறையும் அமைய உதவுமாறு வேண்டுகின்றேன். தொழிற்சாலைகளிலும் பணிமனைகளிலும் உள்ளோர் கழித்த பெயாரிங்குகளையும் இரும்புத் துண்டுகளையும் தந்துதவலாம்; சனிக்கிழமைகளில் வந்து ஒரு மணி நேரம் கடைசல் வேலை கற்பிக்கலாம். ஏட்டுக் கணக்கிற் பின்னிற்கும் மாணவர் சிலர், பாரந்தூக்கி கவிழும் கணக்கை நிலத்திற் கரித்துண்டாற் போட்டு எனக்கு விளக்கியதை நான் கண்டேன். தமிழாசிரியனாகிய எனக்கும் அவர்கள் பாடம் சொன்னார்கள்: சிலிப்பர், சல்லி, பாரை, றொலி என்னும் சொற்கள் எந்த அகராதிக் குழுவும் கூடுமுன்னரே தொழிலாளர் நாவில் தமிழாகி விட்டன.

பாதை அமைந்தபின் மாதம் ஒரு வகுப்பினர் அதன்மீது நடந்து, ஒவ்வோர் இணைப்பையும் பார்த்து, பதிவேட்டிற் கையொப்பமிடுவாராக. எமது கருவி வண்டி இப்பொழுது என் வீட்டுத் தாழ்வாரத்தில் எண்ணெய் பூசப்பட்டு நிற்கின்றது. கல்லூரி கேட்குமாயின், அதனையே முதல் வண்டியாகக் கொண்டுவந்து தருவேன். தடையும் சரியாக இருக்கின்றது.