நாலு ஜி.பி. மாயாஜாலம்!

கம்ப்யூட்டரில் கேம் ஆடும் இளைஞர் யாரையாவது நிறுத்தி, "உங்க கிராஃபிக்ஸ் கார்டு என்னப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் "நாலு ஜி.பி. ஸார்" என்பார்கள். பைக் என்ன என்று கேட்டால் "பன்னிரண்டு லிட்டர் டாங்க்" என்கிற மாதிரி!

எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் தம்பி ஒருவன், ஆபீஸ் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி, அதில் ஜி.டி.ஏ. 5 போட்டிருந்தான். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த கேம். கார் ஓட்டினால் கட்டைவண்டியாக நகர்ந்தது.

"நாலு ஜி.பி. காட்டுதே ஸார், அப்புறம் ஏன் இழுக்குது?"

விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அமுக்கி, வருகிற கட்டத்தில் 'டி.எக்ஸ்.டி.ஐ.ஏ.ஜி.' என்ற ஆறு எழுத்தையும் புள்ளியில்லாமல் அடிக்கச் சொன்னேன். 'டிஸ்ப்ளே' பக்கத்தில் குட்டு வெளிப்பட்டது. பெயர்: இன்டெல் யு.ஹெச்.டி. அதாவது, தனிக் கார்டே கிடையாது! பிராசஸருக்குள் ஒட்டுக்குடித்தனம். சொந்தச் சொத்து 128 எம்.பி. மீதியெல்லாம் 8 ஜி.பி. ரேமிடம் கைமாற்று வாங்கிக்கொள்ளலாம் என்கிற கணக்கு.

சரி, கார்டு போடலாம் என்றால், எஸ்.எம்.பி.எஸ். குறுக்கே நின்றது. கார்டைச் செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் தரும். அதற்கு மேல் குடிக்கிற கார்டுக்குத் தனி ஒயர் வேண்டும். ஆபீஸ் டப்பாக்களில் பெரும்பாலும் அந்த ஒயர் இருக்காது. அவன் பட்ஜெட்டுக்கும் 75 வாட்ஸுக்கும் ஒத்துவந்தது, 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ. செகண்ட் ஹாண்டில்தான். (ஒல்லி டப்பா வைத்திருப்பவர்கள் 'லோ புரொஃபைல்' என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மூடி மூடாது.)

ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை நீட்டினார். "பழைய மானிட்டர் ஒயரே போதும் தம்பி, நீல போர்ட் இருக்கு பாருங்க!"

அந்த நீல வி.ஜி.ஏ. போர்ட்தான் எனக்கு உறுத்தியது. 1050 டிஐ சிப்பிலிருந்து அந்தப் பழைய அனலாக் சிக்னல் வரவே வராது. பையிலிருந்த பென் டிரைவைச் செருகி, இலவச ஜி.பி.யு.-இஸட் புரோகிராமை ஓட்டினேன். 2018-லிருந்து அது போலி என்விடியா கார்டுகளைக் காட்டிக் கொடுக்கிறது. கார்டின் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று விழுந்தது! 768 ஷேடர் இருக்க வேண்டிய இடத்தில் 192. உள்ளே இருந்தது 2010-ல் வந்த ஜி.டி.எஸ். 450. பயாஸை மாற்றி எழுதி, புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். தம்பியின் பாதிச் சம்பளம் மயிரிழையில் தப்பியது.

கடைக்காரர் அசரவில்லை. "அப்படியா? சப்ளையர் ஏமாத்திட்டான் ஸார்" என்று சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து வேறொன்றை எடுத்தார். அது அசல். 768 பத்திரமாக இருந்தது. கூடவே வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கினோம்.

ராத்திரி பதினோரு மணிக்கு போன். "ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு ஸார்!"

"மானிட்டர் ஒயரை எங்கேடா செருகினே?"

"எப்பவும் செருகுற இடத்துலதான் ஸார்..."

கன்வெர்ட்டர் இன்னும் கவர்கூடப் பிரிக்காமல் அவன் பையிலேயே இருந்தது.