செவுளைத் தூக்கிப் பாருங்கள்!

மணப்பாட்டுக் கடற்கரை. குன்றின் மேலே திருச்சிலுவை ஆலயம். அதன் அடியில், 1542-ல் முத்துக்குளித் துறைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. கீழே மணலில் மீன் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி, பளபளவென்றிருந்த சீலாவைக் கையில் எடுத்ததும் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"தோலு மினுக்கும் மவளே. செவுளு பொய் சொல்லாது" என்றார்.

"ஆஸ்பத்திரியை எப்படிப் பார்த்துப் போவீர்கள், பாட்டி?" என்று கேட்டேன்.

"அதை என்னத்தப் பாக்க? கூட்டம் இருந்தா நல்ல ஆஸ்பத்திரி!"

நாம் மட்டும் என்னவாம்? கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் நாம், ஆஸ்பத்திரியில் கட்டடத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறோம்.

1840-களில் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. மருத்துவச்சிகள் கவனித்த வார்டில் நூறு தாய்மார்களில் நாலு பேர் இறந்தார்கள் என்றால், டாக்டர்கள் கவனித்த வார்டில் பத்துப் பேர்! செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-ல் காரணத்தைக் கண்டார். பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு டாக்டர்கள் பிரசவ அறைக்கு வந்ததுதான் வினை. குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். பிரசவ ஜன்னிச் சாவு மளமளவென்று குறைந்தது. படிப்பு இருந்தது, கட்டடம் இருந்தது; கை கழுவும் வழக்கம்தான் இல்லை!

ஆகவே சகோதரிகளே, ஆஸ்பத்திரியின் செவுள் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கை கழுவும் தொட்டியில் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா? ஊசி, உங்கள் கண் முன்னே புது உறையிலிருந்து வருகிறதா? போட்டு முடிந்த ஊசி, குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குப் போகிறதா? ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள், பிளாஸ்டிக் குழாய்க்குச் சிவப்பு, கண்ணாடிக்கு நீலம் என்பது 2016-ஆம் ஆண்டு விதி. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா? தனியார் ஆஸ்பத்திரியானால், 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா?

பிரசவத்துக்கென்றால் இன்னும் இரண்டு கேள்வி: நள்ளிரவில் யார் இருப்பார்கள்? ரத்தம் வேண்டியிருந்தால் எங்கே, எந்த வண்டியில் அனுப்புவீர்கள்?

அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் பரீட்சை உண்டு. 2013-ல் வந்த தேசியத் தர நிர்ணயத் திட்டத்தில், சோதிக்க வருகிறவர்கள் பதிவேட்டைப் புரட்டுவதோடு நோயாளிகளையும் விசாரிப்பார்கள். சான்றிதழ் கிடைக்க 70 சதவீத மார்க்காவது வாங்க வேண்டும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் வாங்கியிருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள்.

இத்தனையும் நோயில்லாத நாளில் செய்ய வேண்டிய வேலை. மூச்சுத் திணறும்போது செவுள் பார்க்க நேரமில்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். "இப்படிக் கேட்டா டாக்டர் கோவிக்க மாட்டாரா?" என்றார்.

"நீங்கள் செவுளைத் தூக்கினீர்களே, மீன்காரர் கோபித்தாரா?"

பாட்டி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சிரித்தார். "நல்ல மீன் வச்சிருக்கவன் ஏன் கோவிக்கான்?"