முகம் கோட்டில், அணிகலன் புடைப்பில்: தஞ்சை மன்னர்களின் உருவப்படங்கள்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிற் கோபுரம் போன்றவற்றில், சிற்பி உருவத்தைத் திரட்டி முடித்த பின்னரும் புருவத்தையும் விழியையும் தூரிகையே தருகிறது. சிற்பம் ஓவியத்தால் நிறைவெய்தும் இம்முறைக்கு மறுதலையாக, ஓவியமே பலகையிலிருந்து எழுந்து சிற்பத்தை நெருங்கும் மரபு மராட்டியர் காலத் தஞ்சாவூரில் செழித்தது. தஞ்சாவூர் ஓவியம் என்றதும் வெண்ணெய்க் கண்ணனே பலருக்கும் நினைவுக்கு வந்தாலும், இரண்டாம் சரபோசி (1798–1832), அவர் மகன் இரண்டாம் சிவாசி (1832–1855) ஆகிய மன்னர்களின் உருவப்படங்களும் அதே மரபில் ஆக்கப்பட்டன.

பலாப்பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையுடன் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து, அதன்மேல் உருவம் கோடுகளால் வரையப்படும். பின்னர், சுக்கான் மாவும் கோந்தும் சேர்ந்த ‘மக்கு’ என்னும் குழம்பு, மாலை, தலைப்பாகை அணி, ஆடைக்கரை, அரியணை வளைவு ஆகிய இடங்களில் மட்டும் படிப்படியாக ஏற்றப்பட்டு, கற்கள் பதிக்கப்பட்டு, மேடுபள்ளங்களோடு படியுமாறு பொற்றகடு அழுத்தப்படும். முகத்திலோ மக்கு ஏறுவதில்லை. மூக்கும் கன்னமும் மெல்லிய கோட்டாலும் வண்ணச் சாயலாலும் மட்டுமே உருப்பெறுகின்றன.

இதைத் திறமைக் குறைவாகக் கொள்வது தவறு. மனிதரைக் கோட்டுக்கும் அரச பதவியைப் புடைப்புக்கும் பகிர்ந்தளித்த தெளிவான சிந்தனையாகவே இதைக் கருத வேண்டும். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிருவாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்று, கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே சரபோசியிடம் எஞ்சின என்பதை எண்ணும்போது, ஆட்சியை இழந்தவரின் அணிகலன்கள் மட்டும் இவ்வளவு உறுதியாக எழுந்து நிற்பது மனத்தைத் தொடுகிறது.

அதே மன்னரை ஐரோப்பிய முறையிலும் தஞ்சையிலேயே காணலாம். தம்மை வளர்த்த பாதிரியார் சுவார்ட்சு 1798இல் மறைந்தபின், அவர் நினைவாகச் சரபோசி இலண்டன் சிற்பி சான் பிளாக்சுமனைக் கொண்டு வடிப்பித்த வெண்பளிங்குப் புடைப்புச் சிற்பம் சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் உள்ளது. மரணப்படுக்கையில் இருக்கும் குருவின் கையை அரசர் பற்றியிருக்கும் அக்காட்சியில் முகம், துணி, கை யாவும் ஒரே கல்லில், வண்ணமின்றி எழுகின்றன. பதவிக்கும் மனிதருக்கும் இடையே பொருள் வேறுபாடு இல்லை.

அச்சுப்படங்களில் மக்கின் உயரம் முற்றாக மறைந்துவிடுவதால், தஞ்சைப் படங்களை நேரில், சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதே முறையாகும்.